காய்ச்சலைக் கொண்டுவந்தது உண்ணியா, உடம்பா? அம்மாவின் ரிப்போர்ட்டும் சைட்டோகைன் என்ற சொல்லும்

கோத்தகிரி_பையன் | செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

அம்மாவுக்கு 52 வயசு. எங்களுக்குன்னு முக்கால் ஏக்கர் தேயிலை இருக்கு. மிச்ச நாள்ல பக்கத்துத் தோட்டத்துல கொழுந்து பறிக்கப் போவாங்க. ஐப்பசி மழை விட்ட வாரம் காய்ச்சல் ஆரம்பிச்சது. நாலு நாள் பாராசிட்டமால்லயே ஓட்டினோம். மாத்திரை போட்டா கொஞ்ச நேரம் எந்திரிச்சு அடுப்படிக்குப் போவாங்க. அப்புறம் மறுபடி மூணு கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடற அளவுக்கு நடுக்கம். அஞ்சாம் நாள் ஒரு கிளினிக்குல அமாக்சிசிலின் குடுத்தாங்க. அசையல. எட்டாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பிச்சது, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்க வார்டுல ஒரு நர்ஸக்கா தான் துணியெல்லாம் தளர்த்தச் சொல்லி டார்ச் அடிச்சுத் தேடினாங்க. கொழுந்து பறிக்கும்போது இடுப்புல பிளாஸ்டிக் தாள் கட்டுவாங்கல்ல, அந்தக் கயிறு அழுந்தற இடத்துக்குக் கொஞ்சம் கீழ, சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. பட்டாணி அளவு. வலி இல்ல, அரிப்பு இல்ல, அம்மாவுக்கே தெரியாது. ஸ்கரப் டைபஸ், அதாவது உண்ணி கடிச்சு வர்ற காய்ச்சல்னு சொல்லி உடனே டாக்ஸிசைக்ளின்ங்கற ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்சாங்க. ரெண்டாம் நாள் ராத்திரியே காய்ச்சல் இறங்கிடுச்சு. இப்ப வீட்டுல இருக்காங்க.

என் சந்தேகம் இதுதான். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தப்ப, "கிருமி பண்ணது பாதி, உங்கம்மா உடம்பே பண்ணிக்கிட்டது பாதி, சைட்டோகைன் அதிகமாயிடுச்சு"ன்னார். ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தேன், அப்படி ஒரு வரியே இல்ல. சி.ஆர்.பி 148, பிளேட்லெட் 62 ஆயிரம், அவ்வளவுதான். சைட்டோகைன்னா விஷமா, மருந்தா? இன்னொண்ணு, மாமா 900 ரூபாய்க்கு "எதிர்ப்பு சக்தி பவுடர்" வாங்கிட்டு வந்து வெச்சிருக்கார். குடுக்கலாமா?

மேரக்காய் | செவ்வாய், இரவு 9.52

900 ரூபாய்க்கு எத்தனை கிலோ பச்சைத் தேயிலை பறிக்கணும்னு மாமாகிட்ட கேளுங்க. அம்மா நல்லா இருக்கணும். பதிலுக்கு நானும் காத்திருக்கேன்.

லேப்_கண்ணாடி | செவ்வாய், இரவு 10.30

தம்பி, குன்னூர்ல 14 வருஷமா லேப்ல இருக்கேன். ரிப்போர்ட்டுல அந்த வார்த்தையைத் தேடினா கிடைக்காது. நம்ம ஊர் லேப்ல சைட்டோகைனை நேரா அளக்கறது ரொம்ப அபூர்வம். ஆனா அந்த சி.ஆர்.பி 148 இருக்கே, அது சைட்டோகைனோட நிழல். ஐ.எல்-6னு ஒரு சைட்டோகைன் ரத்தத்துல ஏறி கல்லீரலுக்குப் போனா, கல்லீரல் சி.ஆர்.பிங்கற புரதத்தைக் கொட்ட ஆரம்பிக்கும். சாதாரணமா லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள்ள தான் இருக்கணும்.

எனக்குப் புரிஞ்ச விதத்துல சொல்றேன். நம்ம பக்கம் காட்டெருமை ராத்திரி ஊருக்குள்ள வந்தா என்ன நடக்கும்? முதல்ல பார்த்தவர் விசில் அடிப்பார். அதைக் கேட்டு ஒருத்தர் கதவைச் சாத்துவார், ஒருத்தர் பட்டாசு தேடுவார், ஒருத்தர் வனத்துறைக்குப் போன் போடுவார், நாலு பேர் டார்ச்சோட ஓடுவாங்க. விசிலுக்கு எருமையை அடிக்கற பலம் கிடையாது. அது சேதி. சைட்டோகைனும் அதே. ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பற சின்னப் புரதம்.

மறுநாள் காலைல போய்ப் பாருங்க, கேரட் பாத்தி நாசமாக் கிடக்கும். மிதிச்சதுல பாதி எருமை, பாதி நாம. உங்க டாக்டர் சொன்னது அதைத்தான்.

இன்னொண்ணு. உண்ணின்னு பேர் வந்துட்டாலும் இது மாட்டுல ஒட்டற உண்ணி இல்ல. புதர், புல்லுல இருக்கற சிற்றுண்ணியோட குஞ்சு. கண்ணுக்குத் தெரியாது. கடிச்சு ஒரு வாரம், பத்து நாள் கழிச்சுத்தான் காய்ச்சல் வரும். எங்க கடிச்சதுன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

உயிரியல்_வாத்தியார் | புதன், காலை 6.15

விசில் உவமை நன்றாக இருக்கிறது. ஒரு திருத்தம் மட்டும். விசில் ஊர் முழுக்கக் கேட்கும். சைட்டோகைன் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர் காதில் சொல்லும் சேதி. அதற்கான ஏற்பி எந்தச் செல்லின் மேல் இருக்கிறதோ, அந்தச் செல்லுக்கு மட்டும்தான் கேட்கும். அதே சேதியை ஒரு செல் "பிரிந்து பெருகு" என்று எடுத்துக்கொள்ளும், இன்னொன்று "செத்துப்போ" என்று எடுத்துக்கொள்ளும். சேதி ஊர் முழுக்கக் கேட்க ஆரம்பிப்பதுதான் காய்ச்சல்.

உண்ணி கடித்த இடத்தில் தொடங்குவோம். தோலில் காவல் நிற்கும் மேக்ரோஃபேஜ் என்ற செல் கிருமியின் வாடையைப் பிடித்ததும் மூன்று நான்கு சேதிகளை ஒன்றாக அனுப்பும். டி.என்.எஃப் என்ற சைட்டோகைன் பக்கத்து ரத்தக்குழாயின் உள்சுவரை ஒட்டும்படி ஆக்கும், கொஞ்சம் இளக்கியும் விடும். ஐ.எல்-8 நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களை அந்த இடத்துக்கு இழுக்கும். ஐ.எல்-1, ஐ.எல்-6, டி.என்.எஃப் மூன்றும் ரத்தத்தில் கலந்து மூளையின் ஹைப்போதலாமஸ் பக்கம் போனால், அங்கே புராஸ்டாகிளாண்டின் ஈ-2 என்ற வேதிப்பொருள் உண்டாகி உடம்பின் வெப்ப அளவு 37 டிகிரி செல்சியஸிலிருந்து 39க்கு மாற்றி வைக்கப்படும். உடம்பு இன்னும் 37இல் இருக்கிறது, மூளை 39 வேண்டும் என்கிறது. அதனால்தான் மூன்று கம்பளிக்குள்ளும் நடுக்கம்.

பாராசிட்டமால் அந்தப் புராஸ்டாகிளாண்டினைத்தான் குறைக்கிறது. கிருமியை அது தொடுவதே இல்லை. மாத்திரை போட்டதும் அம்மா அடுப்படிக்குப் போனார்கள் அல்லவா, அந்த நேரத்திலும் உள்ளே எல்லாம் நடந்துகொண்டுதான் இருந்தது.

இந்தக் கிருமியின் பெயர் ஒரியன்சியா சுட்சுகாமுஷி. ஜப்பானியப் பெயர், சுட்சுகா என்றால் நோய், முஷி என்றால் பூச்சி. இது செல்லுக்கு வெளியே திரிவதில்லை, உள்ளே போய்க் குடியிருக்கும். முக்கியமாக ரத்தக்குழாயின் உள்சுவரில். அமாக்சிசிலின் பலிக்காததற்கு அது ஒரு காரணம். உள்ளே ஒளிந்த கிருமிக்கு இன்டர்ஃபெரான்-காமா என்ற சைட்டோகைன் வேண்டும். வெள்ளணுக்களில் டி செல்களும் இயற்கைக் கொல்லிச் செல்களும் அதைச் சுரந்தால்தான் மேக்ரோஃபேஜ் தனக்குள் இருக்கும் கிருமியைக் கொல்லும் நிலைக்கு வரும். குழாய்ச் சுவரிலேயே சண்டை நடப்பதால் சுவர் கசியும். நுரையீரலில் கசிந்தால் மூச்சு வாங்கும்.

கோத்தகிரி_பையன் | புதன், மதியம் 1.05

சார், அந்த 37, 39 கணக்கு இப்பத்தான் புரியுது. அம்மா "குளிருது குளிருது"ங்கறாங்க, தொட்டா கொதிக்குது, எங்களுக்குப் பயமா இருந்தது. ஆனா ஒண்ணு. கிருமி விடற விஷத்தால காய்ச்சல் வரலைன்னு எப்படி உறுதியாச் சொல்றாங்க?

வெலிங்டன்_பனி | புதன், மாலை 4.20

நான் நர்ஸ். கேள்வி நியாயமானது. கிருமியோட பாகங்கள் தான் மணியை முதல்ல அடிக்கும், அதுல சந்தேகம் இல்ல. ஆனா கிருமி இல்லாமலே சைட்டோகைன் மட்டும் போட்டா என்ன ஆகும்னு பார்த்திருக்கோம். முன்னெல்லாம் ஹெபடைட்டிஸ் சி-க்கு இன்டர்ஃபெரான் ஊசி போடுவாங்க. ஊசி போட்ட அன்னைக்கு ராத்திரி ஃபுளூ வந்த மாதிரியே காய்ச்சல், குளிர், மூட்டெல்லாம் வலி, சோறு வேண்டாம், யார்கிட்டயும் பேசப் பிடிக்காது. சிலருக்கு மன அழுத்தமே வந்துடும். புதுசா ஒரு கிருமியும் உள்ள போகல. போனது அந்தப் புரதம் மட்டும்தான்.

காய்ச்சல்ல படுத்துக் கெடக்கறது, பசிக்காம இருக்கறது எல்லாம் சோம்பல் இல்லீங்க. சேதி மூளைக்குப் போய் "படு"ன்னு சொல்லுது.

உயிரியல்_வாத்தியார் | புதன், மாலை 5.00

இன்டர்ஃபெரான் பேச்சு வந்துவிட்டதால் அதன் கதை. 1957இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மேன் என்ற இருவர், கொல்லப்பட்ட ஃபுளூ வைரஸைக் கோழிக் கருவின் சவ்வோடு சேர்த்து வைத்தார்கள். பிறகு அந்தத் திரவத்தை மட்டும் எடுத்து வேறொரு சவ்வின் மேல் ஊற்றினார்கள். புதுச் சவ்வில் உயிருள்ள வைரஸைப் போட்டால் வளரவில்லை. குறுக்கே நிற்கும் பொருள் என்ற அர்த்தத்தில் பெயர் வைத்தார்கள். ஜப்பானில் நாகானோ, கோஜிமா இருவரும் 1954லேயே இதை ஒட்டிய ஒன்றைக் கண்டிருந்தார்கள்.

வைரஸ் புகுந்த செல் பெரும்பாலும் பிழைக்காது. சாவதற்குள் பக்கத்துச் செல்களுக்குச் சொல்லிவிட்டுப் போகிறது. சேதி கிடைத்த செல்கள் வைரஸின் ஆர்.என்.ஏவை வெட்டும் நொதிகளைத் தயார் செய்து, தன் புரதத் தயாரிப்பையும் நிறுத்தி வைக்கும். ஊரடங்கு மாதிரி.

வைரஸ்களும் சும்மா இல்லை. ரேபிஸ் வைரஸின் பி புரதம் இந்த இன்டர்ஃபெரான் சேதி செல்லுக்குள் போகும் பாதையையே மறிக்கும். நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இல் தொடங்கப்பட்டதே ரேபிஸுக்காகத்தான்.

மூலிகைத்_தோட்டம் | புதன், இரவு 8.45

எல்லாம் சரி. அப்போ சைட்டோகைன் தான் பாதுகாப்பு. அதைக் கூட்டினா நல்லது தானே? எங்க தாத்தா காலத்துல இந்த மலையில டாக்ஸிசைக்ளின் இருந்ததா? மிளகு, மஞ்சள், நிலவேம்பு, இதுதான். நான் அந்தப் பவுடர் விக்கறவன் இல்ல, முன்னாடியே சொல்லிடறேன். ஆனா எதிர்ப்பு சக்தியைக் கூட்டறதுல என்ன தப்பு?

வெலிங்டன்_பனி | புதன், இரவு 9.30

அண்ணா, கோபமில்லாம சொல்றேன். கொரோனா சமயத்துல ஐ.சி.யூல இருந்தேன். ரெண்டாவது வாரம் தான் பயமே. முதல் வாரம் ஃபோன்ல சிரிச்சுப் பேசிட்டிருந்தவர், எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் ஆக்சிஜன் இறங்கி வருவார். அப்ப அவங்களைக் காப்பாத்தினதுல ஒண்ணு டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு. எதிர்ப்பைக் கூட்டற மருந்தில்ல, அடக்கற மருந்து. 2020 ஜூன்ல பிரிட்டன் ஆய்வு முடிவு வந்தது: வென்டிலேட்டர்ல இருந்தவங்க சாவு மூணுல ஒரு பங்கு குறைஞ்சது, ஆக்சிஜன் மட்டும் வெச்சவங்களுக்கு அஞ்சுல ஒரு பங்கு. ஆக்சிஜனே தேவைப்படாதவங்களுக்கு ஒரு பலனும் இல்ல. ஒரே மருந்துதான், நாள் மாறினா பலன் மாறிடுது.

அதே வருஷம் இன்னொரு ஆய்வு. கொரோனா உயிருக்கே ஆபத்தாப் போன 987 பேரைப் பார்த்ததுல 101 பேர் ரத்தத்துல அவங்க இன்டர்ஃபெரானையே முடக்கற எதிர்ப்பொருள் இருந்தது. அவங்களுக்கு முதல் சேதியே போய்ச் சேரல. ஆக, முதல் ரெண்டு நாள் சேதி குறைஞ்சா ஆபத்து, ரெண்டாவது வாரம் அடங்காம ஒலிச்சா ஆபத்து. "கூட்டு"ங்கற பவுடருக்கு இதுல எந்த நாள்னு தெரியுமா?

(ஸ்கரப் டைபஸுக்கும் ஸ்டீராய்டுன்னு யாரும் கடைக்குக் கிளம்பிடாதீங்க. அதுக்கு வேண்டியது சரியான ஆன்டிபயாட்டிக், சீக்கிரமா.)

மஞ்சூர்_அக்கா | புதன், இரவு 10.10

நான் எப்பவும் படிச்சுட்டுப் போயிடுவேன், இன்னைக்கு எழுதலாம்னு தோணுச்சு. எனக்கு முடக்குவாதம், பதினோரு வருஷமா. காலையில விரல் மடக்க முடியாது, டம்ளரை ரெண்டு உள்ளங்கையாலயும் பிடிச்சுத்தான் டீ குடிப்பேன். கிருமி ஒண்ணும் இல்லாமலே என் உடம்பு டி.என்.எஃப்-ஐ மூட்டுல கொட்டிட்டே இருக்குதாம். எருமையே வராம விசில் அடிக்கற வீடு என் வீடு.

கோயம்புத்தூர்ல டி.என்.எஃப்-ஐத் தடுக்கற ஊசி ஆரம்பிக்கலாம்னாங்க. ஆனா ஊசிக்கு முன்னாடி நெஞ்சு எக்ஸ்ரே, அப்புறம் ஒரு ரத்தப் பரிசோதனை. மூட்டு வலிக்கு நெஞ்சை ஏன் படம் எடுக்கறீங்கன்னு கேட்டேன். அந்த டாக்டரம்மா பொறுமையாச் சொன்னாங்க. காசநோய்க் கிருமி நிறைய பேர் நுரையீரல்ல வருஷக்கணக்கா தூங்கிட்டிருக்கும். அதைச் சுத்தி செல்கள் கூடி ஒரு வேலி கட்டி வெச்சிருக்கும். அந்த வேலி இடியாம நிக்க டி.என்.எஃப் வேணும். ஊசி போட்டு அதைத் தடுத்தா மூட்டு வலி போகும், வேலியும் போயிடும். 2001லேயே இந்த மருந்துல ஒண்ணு போட்டுக்கிட்ட 70 பேருக்குக் காசநோய் வந்ததைத் தொகுத்து எழுதியிருக்காங்களாம்.

எனக்கு அந்த ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். இருமல் இல்ல, எடை குறையல, எக்ஸ்ரே சுத்தம். ஆனா உள்ள தூங்கிட்டிருக்கு. அதுக்கு முதல்ல மாத்திரை ஆரம்பிச்சு, அப்புறம் தான் ஊசி. இப்ப பூண்டு உரிக்கறேன், ஸ்வெட்டர் பின்னறேன்.

லேப்_கண்ணாடி | வியாழன், காலை 7.40

அக்கா, அந்தப் பரிசோதனையே சைட்டோகைன் பரிசோதனை தான். ரத்தத்தைக் காசநோய்க் கிருமியோட ரெண்டு மூணு புரதத்தோட சேர்த்து ஒரு ராத்திரி 37 டிகிரியில வெச்சுடுவோம். உங்க டி செல்கள் அந்தக் கிருமியை முன்னாடி பார்த்திருந்தா "ஓ, இவனா"ன்னு இன்டர்ஃபெரான்-காமா சுரக்கும். மறுநாள் அதை அளப்போம். சைட்டோகைனை நேரா அளக்கறது அபூர்வம்னு முதல்ல சொன்னேன், இது அந்த அபூர்வத்துல ஒண்ணு. இந்தக் குழாயெல்லாம் மலையில இருந்து கீழ அனுப்பறப்ப ரோட்டுல மரம் விழுந்து லேட்டானா வயித்துல புளியைக் கரைக்கும். ஆனா அது வேற கதை.

மூலிகைத்_தோட்டம் | வியாழன், காலை 9.15

சரி, கூட்டணும்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா சாப்பாட்டுக்கும் எதிர்ப்பு சக்திக்கும் சம்பந்தமே இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க.

உயிரியல்_வாத்தியார் | வியாழன், காலை 11.00

அப்படி யாரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அதுவும் குன்னூரை வைத்துக்கொண்டு! 1918இல் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன், ஊட்டச்சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து 1958இல் ஹைதராபாத் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. புரதமும் துத்தநாகமும் வைட்டமின் ஏ-யும் குறைந்தால் டி செல்கள் தளரும், சேதி அனுப்பும் திறனும் குறையும். குறைந்ததை நிரப்பினால் பலன் உண்டு. நிரம்பிய பானையில் மேலும் ஊற்றினால் வழியும், அவ்வளவுதான். அம்மாவுக்கு முட்டையும் பருப்பும் கீரையும் கொடுங்கள், 900 ரூபாய்க்கு நிறையவே வரும்.

பாட்டி வைத்தியத்தை எல்லாம் நான் தள்ளவும் இல்லை. "பனியில் தலையை மூடாமல் போனால் சளி பிடிக்கும்" என்றால் வகுப்பில் நானே சிரித்திருக்கிறேன், வைரஸால்தானே சளி என்று. 2015இல் யேல் பல்கலைக்கழகத்தில் எலியின் சுவாசக் குழாய்ச் செல்களை வைத்துப் பார்த்தார்கள். 37 டிகிரியில் சளி வைரஸுக்கு எதிராக இன்டர்ஃபெரான் சேதி பலமாக இருந்தது. மூக்கின் உட்புற வெப்பத்தை ஒத்த 33 டிகிரியில் அது மந்தமாக இருந்தது, வைரஸ் நன்றாக வளர்ந்தது. எலிச் செல்லில் பார்த்ததை அப்படியே ஊட்டி மூக்குக்குப் பொருத்த மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் சிரிப்பதில்லை.

மேரக்காய் | வியாழன், மதியம் 12.20

அப்ப மஃப்ளர் கட்டிக்கிட்டா இன்டர்ஃபெரான். எங்கம்மா ஜெயிச்சுட்டாங்க.

என் பொண்ணுக்கு ஒன்றரை மாசத்துல தடுப்பூசி போட்டப்ப ராத்திரி பூரா காய்ச்சல். நர்ஸம்மா "வந்தா பயப்படாதீங்க"ன்னு பாராசிட்டமால் சொட்டு மருந்து குடுத்து அனுப்பினாங்க. அதுவும் இதே கதை தானா?

வெலிங்டன்_பனி | வியாழன், மதியம் 1.00

அதே தான். அதுல இருக்கற கக்குவான் பகுதி செத்த பாக்டீரியா முழுசு. குழந்தை உடம்பு அதைப் பார்த்து ஐ.எல்-1, ஐ.எல்-6 எல்லாம் விடும். ஒத்திகை மாதிரி. காய்ச்சல் வரலைன்னா ஊசி வேலை செய்யலன்னு அர்த்தம் இல்ல, அதையும் நிறைய பேர் கேக்கறாங்க.

கோத்தகிரி_பையன் | வியாழன், இரவு 9.20

எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு ரிவ்யூ போயிருந்தோம். சி.ஆர்.பி 11, பிளேட்லெட் ரெண்டு லட்சத்தைத் தாண்டிடுச்சு. ஆனா ஹீமோகுளோபின் 9.4. காய்ச்சல்ல ரத்தம் எங்க போச்சுன்னு அம்மா கேக்கறாங்க. முன்ன முகாம்ல குடுத்த இரும்புச்சத்து மாத்திரை டப்பாவுல அப்படியே கெடக்கு, அதை ஆரம்பிக்கட்டுமா?

லேப்_கண்ணாடி | வியாழன், இரவு 9.55

மாத்திரையை டாக்டரைக் கேட்டு ஆரம்பிங்க. இதுலயும் ஐ.எல்-6க்குப் பங்கு இருக்கு, அதை மட்டும் சொல்றேன். அது கல்லீரலுக்குப் போய் ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோனையும் சுரக்க வைக்கும். ஹெப்சிடின் வந்தா குடல் இரும்பை உள்ள விடாது, மேக்ரோஃபேஜ் தன்கிட்ட இருக்கற இரும்பை வெளிய விடாது. பாக்டீரியாவுக்கும் இரும்பு வேணும்ல, அதைப் பட்டினி போடற வேலை. கிருமிக்குக் கதவைச் சாத்தறப்ப நம்ம எலும்பு மஜ்ஜைக்கும் கதவு சாத்திடும். சி.ஆர்.பி இறங்கினாக் கதவும் மெல்லத் திறக்கும். அம்மாவுக்கு முன்னாடியே இரும்பு குறைவா இருந்திருக்கலாம், அதனால உடம்புல சேமிச்ச இரும்பைக் காட்டற ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்க. இப்பவே பார்த்தா ஃபெரிட்டின் காய்ச்சலாலேயே ஏறிக் காட்டும். ரெண்டு மூணு வாரம் போகட்டும்.

கோத்தகிரி_பையன் | ஞாயிறு, மாலை 6.10

டாக்டரும் அதையே சொன்னார், மூணு வாரம் கழிச்சு வரச் சொல்லியிருக்கார். பவுடர் டப்பாவை மாமாகிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன், ரெண்டு நாளாப் பேசல.

அம்மாகிட்ட காட்டெருமைக் கதையைச் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "பாத்தியை மிதிச்சவங்க தானே திருப்பி நட்டுக் குடுக்கணும்"னாங்க. இன்னைக்குக் காலைல கொடியில காயற பிளாஸ்டிக் தாளை எடுத்து மடிச்சு வெச்சாங்க. அடுத்த வாரம் தோட்டத்துக்குப் போறாங்களாம். பூச்சி விரட்டற களிம்பு தடவினா கொழுந்துல வாடை ஏறும்னு மேஸ்திரி திட்டுவார்ங்கறாங்க. அங்க வேலை பார்க்கறவங்க யாராவது இருந்தா, கால்லயும் இடுப்புலயும் என்ன போட்டுட்டுப் போறீங்கன்னு சொல்லுங்களேன்.